லோடு பிக்கப்: வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் கேட்கும் கேள்விகள்

சத்தியமங்கலத்தில் இரண்டு பிக்கப் வைத்து ஓட்டுகிறேன். தாளவாடிப் பக்கத்துத் தோட்டங்களில் முட்டைக்கோஸும் தக்காளியும் ஏற்றி, திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, கோவைக்கும் ஈரோட்டுக்கும் கொண்டு சேர்ப்பதுதான் பிழைப்பு. டீக்கடையிலும் எடைமேடையிலும் மெக்கானிக் பட்டறை பெஞ்சிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை இவை. பிக்கப் என்று நான் சொல்வது ஒன்றே கால் டன்னிலிருந்து இரண்டு டன் வரை ஏற்றும் மஞ்சள் போர்டு வண்டிகளை: பொலிரோ பிக்கப், டாடா யோதா, அசோக் லேலண்ட் தோஸ்த் வகையறா. குட்டி யானைக்காரர்களுக்கும் பாதி பொருந்தும்.

வண்டி பேரிலேயே "எச்.டி." (ஹெவி டியூட்டி) என்று இருக்கிறது. எவ்வளவு ஏற்றலாம்?

பேரை விடுங்கள், ஆர்.சி.யை எடுங்கள். அதில் வெற்று எடை ஒன்று, மொத்த எடை ஒன்று இருக்கும். மொத்த எடையில் வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் உங்கள் லோடு. 3,490 கிலோ மொத்த எடை, 1,790 கிலோ வெற்று எடை என்றால் 1,700 கிலோ. கணக்கு சுலபம். ஆனால் அந்த 1,700 முழுசாக உங்கள் கைக்கு வராது.

என் வண்டி ஒன்றை, சரக்கு எதுவும் இல்லாமல், டேங்க் நிறைய டீசலோடு எடைமேடையில் ஏற்றிப் பார்த்தேன். பக்கவாட்டில் உயர்த்திக் கட்டிய கம்பிச் சட்டம், தார்ப்பாய், கயிறு, ஜாக்கி, ஸ்டியரிங்கில் நான். ஆர்.சி.யில் இருப்பதைவிட 210 கிலோ கூட. கூட வரும் பையன் 60 கிலோ. மிச்சம் 1,430. அன்றிலிருந்து வியாபாரியிடம் பேசும்போது "ஒன்றே கால் டன் வண்டிங்க" என்றுதான் சொல்கிறேன். 1.7 என்று சொன்னால் அவர் 2 என்று காதில் வாங்குகிறார்.

மணல், எம்-சாண்ட் அடிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு யூனிட் என்பது 100 கனஅடி. எம்-சாண்ட் கனஅடிக்கு 45 முதல் 50 கிலோ வரும், நனைந்திருந்தால் அதற்கும் மேல். அரை யூனிட் போட்டாலே இரண்டேகால் டன்னைத் தாண்டிவிடும். ஊரில் எல்லோரும் பிக்கப்பில் அரை யூனிட்தான் கேட்கிறார்கள்!

பின்னாடி ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை சேர்த்துப் போட்டுவிட்டால் கூடுதலாக ஏற்றலாம் இல்லையா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நானும் போட்டவன்தான் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பட்டை சேர்த்தால் வண்டி உட்காராது, அவ்வளவுதான். எடை எங்கேயும் போய்விடவில்லை. ஹவுசிங் (பின் ஆக்ஸிலைத் தாங்கும் கூடு), ஹப் பேரிங், ஆக்ஸில், டயர், பிரேக், சேஸிஸ் எல்லாம் பழையபடியே இருக்கின்றன. முன்பு வண்டி பின்னால் உட்கார்ந்து "போதும்" என்று உங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு அடையாளத்தையும் நீங்களே எடுத்துவிட்டீர்கள்.

டயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். அளவுக்குப் பின்னால் 112/110 என்பது போல எண் இருக்கும். 112 என்றால் அந்த ஒரு டயர் அதிகபட்சம் 1,120 கிலோ தாங்கும். 106 என்றால் 950 கிலோ. பின்னால் இரண்டு டயர்தான். இரண்டையும் கூட்டினால் வருவதற்கு மேல் பின் ஆக்ஸிலில் விழுந்தால் டயர் சூடேறும். வெயில் காலத்தில் பைபாஸில் கிடக்கும் டயர் தோல்களில் பாதி அப்படி உரிந்தவைதான்.

இனி பலருக்குத் தெரியாத ஒன்று. பல பிக்கப்புகளில் பின் ஹவுசிங்கிலிருந்து சேஸிஸுக்கு ஒரு மெல்லிய கம்பி போகும். அதன் மேல்முனையில் ஒரு பிரேக் வால்வு. வண்டி லோடில் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை அந்தக் கம்பி வழியாக அறிந்துகொண்டு, பின் சக்கரத்துக்கு அதற்கேற்ற பிரேக் அழுத்தத்தை அது விடுகிறது. காலி வண்டிக்குக் குறைவாக, ஏனென்றால் அதிகம் விட்டால் பின்சக்கரம் லாக் ஆகி வண்டி சுழன்றுவிடும். லோடு வண்டிக்கு நிறைய. நீங்கள் பட்டை சேர்த்ததும் வண்டி தாழ்வதில்லை. வால்வு வண்டி காலி என்றே நினைத்துக்கொள்கிறது. பின்னால் இரண்டு டன், பிரேக்கோ காலி வண்டியின் பிரேக்.

எனக்கு இது புரிய இரண்டு வருஷம் ஆனது. பட்டை போட்ட பிறகு முன் பிரேக் பேட் பாதி நாளிலேயே தேய ஆரம்பித்தது. மட்டமான பேட் என்று நினைத்துக் கடை கடையாக மாற்றினேன். கடைசியில் ஒரு வயசான மெக்கானிக் அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்து அந்தக் கம்பியை விரலால் தட்டிவிட்டு, "பாவம்ங்க இது, இதுக்கு லோடு ஏத்துனதே தெரியல" என்றார். பட்டையைக் கழற்றிய பிறகு பேட் பழையபடி நாள் நின்றது.

தேய்ந்து தட்டையாகிப் போன பட்டையை மாற்றுவது வேறு விஷயம். அதைச் செய்துதான் ஆக வேண்டும். சென்டர் போல்ட், யூ போல்ட், புஷ் எல்லாம் புதுசாகப் போடுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை ஒருமுறை திரும்ப முடுக்கச் சொல்லுங்கள்.

ஓவர்லோடில் பிடித்தால் எவ்வளவு?

2019 செப்டம்பரில் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000. சரக்கு வண்டியின் பக்கவாட்டிலோ பின்னாலோ அளவு மீறி நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000. கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கச் சொல்வார்கள். ஆள் கூலி, மாற்று வண்டி வாடகை எல்லாம் உங்கள் தலையில். முட்டைக்கோஸை ரோட்டோரம் இறக்கிப் போட்டுவிட்டு வெயிலில் நின்றவனுக்கு அபராதத்தைவிட அது வலிக்கும்.

பர்மிட் தேவையா?

மொத்த எடை 3,000 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்குப் பர்மிட் வேண்டாம் என்று சட்டத்தின் 66-ஆம் பிரிவே விலக்கு தருகிறது. சில மாடல்களுக்கு மொத்த எடை 2,990 என்று வைத்திருப்பதன் ரகசியம் அதுதான். அதற்கு மேல் போனால் பர்மிட் கட்டாயம். வாங்கும் முன்பே கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள். அவராகச் சொல்ல மாட்டார்.

புது வண்டி 80-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. என்ன கோளாறு?

கோளாறு இல்லை. சரக்கு வண்டிக்கு வேகக் கட்டுப்பாடு வைத்தே அனுப்புகிறார்கள். விட்டுவிடுங்கள்.

மலை ஏறும்போது மட்டும் சூடாகிறது. ரேடியேட்டர் மாற்ற வேண்டுமா?

முதலில் நிறுத்துங்கள். முள் சிவப்பைத் தொட்டும் "அடுத்த வளைவு வரைக்கும்" என்று ஓட்டுவதில்தான் ஹெட் கேஸ்கட் போகிறது. ஓரமாக நிறுத்தி, ஏ.சி. இருந்தால் அணைத்து, இன்ஜினை ஐடிலில் ஓட விட்டுப் பாருங்கள். கூலன்ட் கொட்டியிருந்தாலோ பெல்ட் அறுந்திருந்தாலோ உடனே அணைத்துவிட வேண்டும். மூடியை மட்டும் அரை மணி நேரத்துக்குத் தொடாதீர்கள். துணி போட்டுத் திறக்கலாம் என்று யாராவது சொன்னால் அவர் கையைப் பாருங்கள், தழும்பு இருக்கும்.

ஆறிய பிறகு பார்க்க வேண்டியவற்றை விலை குறைந்ததிலிருந்து ஆரம்பியுங்கள். கூலன்ட் அளவு. ஹோஸ் கிளிப்பில் வெள்ளைப் பொருக்கு இருந்தால் அங்கே கசிகிறது. பெல்ட் தளர்ந்திருக்கிறதா. ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறதா. விஸ்கஸ் ஃபேன் என்றால் இன்ஜின் சூடாக இருந்த நிலையில் அணைத்துவிட்டுக் கையால் சுற்றினால் இறுக்கமாக இருக்க வேண்டும், ராட்டினம் மாதிரி லேசாகச் சுற்றினால் அது போய்விட்டது. அப்புறம் தெர்மோஸ்டாட் வால்வு. அப்புறம் வாட்டர் பாடி, அதாவது தண்ணீர் பம்பு. ரேடியேட்டர் மாற்றுவதெல்லாம் கடைசி.

எனக்கு ஒரு தடவை ஒன்பதாவது வளைவில் இப்படி நின்றது. கூலன்ட் சரி, பெல்ட் சரி, ஃபேன் சரி. பட்டறைக்குப் போனால் ரேடியேட்டர் அடைப்பு, கழற்றிக் கொதிக்க வைக்க வேண்டும் என்றார்கள். கழற்றியபோது உள்ளே சுத்தமாகத்தான் இருந்தது. அடைப்பு வெளியே. அதற்கு முந்தின மாதம் முழுக்க வைக்கோல் ஏற்றியிருந்தேன். ஏ.சி. கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் விரலளவு சந்தில் வைக்கோல் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து மெத்தை மாதிரி படிந்திருந்தது. முன்னாலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. இன்ஜின் பக்கத்திலிருந்து தண்ணீரை மெதுவாக அடித்ததும் சாணி நிறத்தில் கொட்டியது. அன்றிலிருந்து வைக்கோல் சீசன் முடிந்ததும் ஒருமுறை கழுவி விடுகிறேன். அழுத்தம் அதிகமான ஜெட்டில் அடித்தால் துடுப்புகள் மடங்கிவிடும், அதுவும் அடைப்புதான்.

போர் தண்ணீர் ஊற்றி ஓட்டுபவர்களுக்கு: வீட்டுக் குடத்தின் அடியில் படியும் உப்பு இன்ஜினுக்குள்ளும் படியும். கூலன்ட்டோடு பேட்டரித் தண்ணீர் மாதிரியான சுத்த நீரைத்தான் கலக்க வேண்டும். வழியில் வேறு வழியில்லாமல் ஊற்றினால் ஊர் வந்ததும் வடித்து மாற்றிவிடுங்கள்.

கூலன்ட் டேங்கில் விடாமல் குமிழி வருவதும், டிப் ஸ்டிக்கில் ஆயில் மோர் கலந்த மாதிரி வெளுத்திருப்பதும் ஹெட் கேஸ்கட்டின் அடையாளம். அதற்கு மேல் ஓட்டாதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள்.

இறக்கத்தில் பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. ஏன்?

பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்க வேண்டும். ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஈரம் ஏறிய ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கும். கொதித்தால் ஆவி. ஆவியை மிதித்தால் அமுங்கும், பிரேக் பிடிக்காது. நூறு இருநூறு ரூபாய் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றாமல் விட்டதன் பலன் இது. வண்டியோடு வந்த புத்தகத்தில் டாட் 4 என்று இருந்தால் அதையே ஊற்றுங்கள்.

எங்கள் பக்கத்தில் பழைய லாரிக்காரர்கள் சொல்வது: எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. லோடு வண்டி திம்பத்தில் இரண்டாவது கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை அவ்வப்போது அழுத்தி விட்டால் போதும். காலை மிதியிலேயே வைத்துக்கொண்டு இறங்குபவர் அடிவாரத்துப் பண்ணாரி வருவதற்குள் பிரேக் ஷூவைக் கருக்கிவிடுவார். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிறவர்களுக்கு ஒரு தகவல்: இன்றைய வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கினால் டீசல் தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்கு டீசல் எரிகிறது. இன்ஜினை அணைத்து உருட்டினால் பிரேக் பூஸ்டர் இருக்காது, பவர் ஸ்டியரிங் இருக்காது. மிச்சமாகப் போவது என்ன என்று நினைக்கிறீர்கள்?

கருகல் வாடை வந்தால் ஒதுக்கி நிறுத்தி ஆற விடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

வண்டி இழுக்கவில்லை. டர்போ போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. டர்போ மாற்றச் சொல்லும் முன் இரண்டை நீங்களே பாருங்கள். ஒன்று, ஏர் ஃபில்டர். எம்-சாண்ட் கிரஷர் பக்கம் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் கணக்கெல்லாம் செல்லாது. இரண்டு, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ். அடிப்பக்கத்தில் வெடித்திருக்கும், மேலே நின்று பார்த்தால் தெரியாது. யாரையாவது ஆக்ஸிலேட்டர் கொடுக்கச் சொல்லிக் கையை அடியில் வைத்தால் காற்று உறைக்கும். கரும்புகை, "உஸ்" என்ற சத்தம், இழுவை இல்லாமை மூன்றும் சேர்ந்து வந்தால் அனேகமாக இந்த ஹோஸ்தான்.

அதையும் தாண்டினால் டீசல் ஃபில்டர், இ.ஜி.ஆர். வால்வு, ஆக்ஸிலேட்டர் மிதியின் சென்சார் என்று போகும். செக் லைட் எரிந்தால் ஸ்கேனர் போடாமல் எதையும் மாற்ற விடாதீர்கள். ஸ்கேனர் காட்டும் எரர் கோட் நோயின் பேர் அல்ல, வலிக்கிற இடம் மட்டும்தான். ரயில் பிரஷர் (நாசிலுக்குப் போகும் டீசல் குழாயின் அழுத்தம்) குறைவு என்று காட்டியதும் எனக்கு பம்பை மாற்றச் சொன்ன இடமும் உண்டு. வேறு இடத்தில் ஃபில்டரை மாற்றியதும் சரியானது.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை காலையில் கொஞ்ச நேரம் வந்து நின்றால் கவலை இல்லை. நிற்காமல் வந்து, கூலன்டும் குறைந்தால் மேலே சொன்ன கேஸ்கட் கதை.

டர்போவைக் காப்பாற்ற ஆசை இருந்தால், மேடு ஏறி வந்து நிறுத்தியதும் ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டுவிட்டு அணையுங்கள். டீ சொல்லிவிட்டு வந்து அணைத்தால் சரியாக இருக்கும்.

டீசல் காலியாகி நின்றுவிட்டது. ஊற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை.

ஏர் லாக், அதாவது டீசல் வழியில் காற்று புகுந்துவிட்டது. டீசல் ஃபில்டர் தலையில் கைப்பம்பு இருந்தால் கெட்டியாகும்வரை அமுக்குங்கள். பம்பு இல்லாத வண்டியில் சாவியை ஆன் செய்து பத்து விநாடி விட்டு ஆஃப் செய்து, இப்படி நாலைந்து தடவை. பிறகு செல்ஃப் அடியுங்கள். ஒரேயடியாக அடித்துக்கொண்டே இருந்தால் செல்ஃப் மோட்டார் கருகும்.

பழைய டிரைவர்கள் யாராவது ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நாசில் பைப் நட்டைத் தளர்த்த வந்தால் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்துவிடுங்கள். அந்தக் காலத்து பம்புக்கு அது சரி. இப்போதைய காமன் ரயில் வண்டியில் அந்தக் குழாய்க்குள் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்த்தால் ஊசி குத்திய மாதிரிதான் இருக்கும், விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

டீசல் இருந்தும் "டிக் டிக்" சத்தம் மட்டும் வந்தால் பேட்டரி டெர்மினலையும், இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் வயரையும் பாருங்கள். பேட்டரி வாங்க ஓடுவது அப்புறம்.

பி.எஸ்.6 வண்டியில் டி.பி.எஃப். விளக்கு அடிக்கடி எரிகிறது. அதை எடுத்துவிடலாமா?

வேண்டாம். புகைக் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அது. நிறைந்ததும் ஏறக்குறைய 600 டிகிரி சூட்டில் தானாகவே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அந்தச் சூடு வர வண்டி விடாமல் ஓட வேண்டும். மண்டிக்கும் கடைக்கும் நடுவில் இரண்டு கிலோமீட்டர் நடை அடித்து நாளைக்கு இருபது தடவை அணைத்துப் போட்டால் எப்படி எரியும்? விளக்கு எரிந்ததும் பைபாஸில் ஏறி ஒரு கியர் குறைவாக, நிதானமாக இருபது நிமிஷம் ஓட்டிவிட்டு வாருங்கள். பெரும்பாலும் அணைந்துவிடும். அதையும் மீறிச் சிமிட்ட ஆரம்பித்தால் பட்டறையில் ஸ்கேனர் வைத்து எரிக்க வேண்டியதுதான்.

எடுத்துவிடுவது சட்டவிரோதம். எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனையில் மாட்டும். இன்ஜின் கம்ப்யூட்டரையும் ஏமாற்ற வேண்டும், அதைச் செய்து தருகிறேன் என்பவர் கெடுத்துவிட்டால் யாரிடம் போய் நிற்பீர்கள்? ஊருக்குள்ளேயே ஓடப் போகிறீர்கள் என்றால் டீசலையே மறந்துவிட்டு சி.என்.ஜி. வண்டியைப் பாருங்கள் என்பேன்.

ஆட்புளூ என்பது யூரியாத் தண்ணீர்தானே? தோட்டத்து யூரியாவைக் கரைத்து ஊற்றலாமா?

இந்தக் கேள்வி எப்போது வரும் என்று காத்திருந்தேன். புகையைச் சுத்தம் செய்ய ஆட்புளூ கேட்கும் வண்டிகளில் டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீல மூடி ஒன்று இருக்கும். ஊற்றுவது 32.5 சதவீத யூரியாக் கரைசல், அது உண்மை. ஆனால் உப்பு, உலோகம் எதுவும் இல்லாத சுத்தமான கரைசல். நம் மூட்டை யூரியா 2015 முதல் முழுக்க வேப்பெண்ணெய் பூசி வருகிறது. அதைக் கரைத்து ஊற்றினால் தெளிப்பான் ஒட்டிக்கொண்டு அடைபடும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் இப்படிச் செய்து டேங்க், பம்பு, தெளிப்பான் மூன்றையும் மாற்றினார். யூரியாவை வாழைக்குப் போடுங்கள்.

அடியில் சத்தம் வருகிறது. எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சத்தம் எப்போது வருகிறது என்பதுதான் முக்கியம், எப்படி வருகிறது என்பதல்ல. கிளட்சை விட்டு வண்டி நகரும்போதும் கியர் மாற்றும்போதும் "டக்" என்றால் யூ.ஜே. கிராஸ் (சுழலும் ஷாஃப்டின் இணைப்பு). ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ஊளை, விட்டால் நின்றுவிடுகிறது என்றால் கிரவுன் பினியன் (பின் ஆக்ஸிலின் பல்சக்கரங்கள்). கிரவுன் ஆயில் அளவை அன்றைக்கே பாருங்கள். வேகத்தோடு கூடும் "ஹும்ம்" ஒரு பக்கம் வளைக்கும்போது அதிகமானால் ஹப் பேரிங். கிளட்சை மிதித்தால் வந்து, விட்டால் போனால் ரிலீஸ் பேரிங். பள்ளத்தில் மட்டும் கடகட என்றால் ஷாக்கிள் புஷ்.

60-ல் ஸ்டியரிங் ஆடினால் முதலில் வீல் பேலன்ஸ், பிறகு டை ராட் எண்ட். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஆடினால் டிஸ்க்.

சாதாரண எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸில் ஓட்டலாமா?

ஓட்டலாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. 2024 நவம்பர் 6-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. அந்தக் காரணத்தைக் காட்டி இன்சூரன்ஸ்காரர் கையை விரிக்க முடியாது. ஆனாலும் லைசென்ஸ் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பண்ணாரி குண்டம் (தீமிதி) திருவிழாவுக்கு ஊர்க்காரர்களை ஏற்றிப் போகலாமா? ஒரு நாள்தானே?

பங்குனி வந்தால் எனக்கும் நாலு போன் வரும். மறுத்தால் கோபித்துக்கொள்வார்கள், அத்தை மாமா முறை வேறு. இருந்தாலும் மறுத்துவிடுகிறேன். சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரருக்கோ அவர் ஆளுக்கோ இன்சூரன்ஸ் உண்டு. சும்மா ஏறிக்கொண்டவருக்குக் கிடையாது. கவிழ்ந்தால் நஷ்ட ஈடு முழுதும் வண்டிக்காரன் வீட்டிலிருந்து போகும். இதைச் சொல்லி மறுத்தால் யாருக்கும் புரியாது. "எஃப்.சி.க்கு விட்டிருக்கேன்ங்க" என்றால் புரியும்.

பழைய வண்டி வாங்கும்போது எதைப் பார்ப்பது?

காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். "இப்பத்தான் ஓட்டிட்டு வந்தேன்" என்று சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்து ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளிருந்து புகை குப்குப் என்று அடித்தால் ரிங், லைனர் வேலை வரப்போகிறது.

அப்புறம் ஒரு சாக்கை விரித்து அடியில் படுங்கள். சேஸிஸில் பின் பட்டை மாட்டும் இடத்துக்கு முன்னும் பின்னும் வெல்டிங் தடம் இருக்கிறதா, புதுசாகக் கருப்புப் பெயின்ட் அடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே விரிசல் விட்ட வண்டி காலம் முழுக்க ஓவர்லோடு அடித்த வண்டி. இன்ஜின் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் நான் வாங்க மாட்டேன். கடற்கரைப் பக்கம் மீன், உப்பு ஏற்றிய வண்டியில் மேல் பெயின்ட் பளபளக்கும், படுதா கொக்கிக்கு அடியில் விரலால் அழுத்தினால் தகரம் உதிரும்.

பேப்பரில் பைனான்ஸ் பாக்கி, எஃப்.சி., வரி, இ-சலான் எல்லாம் பரிவாகன் தளத்தில் பார்த்துவிடலாம். பைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லாச் சான்று) கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள், விற்பவர் மச்சானாக இருந்தாலும்.

எஃப்.சி. எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை?

புது வண்டிக்கு முதல் 2 வருஷம். பிறகு 8 வருஷம் ஆகும்வரை 2 வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருஷா வருஷம். ஒளிரும் ஸ்டிக்கர் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள். கிழிந்திருந்தால் முந்தின நாளே ஒட்டிவிடுங்கள்.

வண்டியில் எப்போதும் என்ன வைத்திருக்க வேண்டும்?

ஸ்டெப்னி, ஜாக்கி எல்லோரும் வைத்திருப்பார்கள். ஜாக்கி லோடோடு தூக்குமா என்று ஒருமுறையாவது வீட்டு வாசலில் சோதித்துப் பார்த்தவர்கள் குறைவு. ஃபேன் பெல்ட் ஒன்று, டீசல் ஃபில்டர் ஒன்று, ஹோஸ் கிளிப் இரண்டு, ஐந்து லிட்டர் கூலன்ட். முக்கியமாகச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேலமரக் கட்டை ஒன்று, முக்கோணமாக அறுத்தது. ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி லோடு வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது.

கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு அப்படியே ரோட்டில் போட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களை இருட்டில் பைக்கில் வருகிறவர் சபிப்பார். என் கட்டையில் ஒரு ஆணி அடித்து இரண்டு முழம் கயிறு கட்டியிருக்கிறேன். வண்டி நகர்ந்ததும் பையன் குனியாமல் கயிற்றைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டுக்கொள்வான்.